கம்யூனிட்டி காலேஜுக்குப் பிறகு ஜப்பானிய மொழிப் பட்டம்: யூசியா, கால் ஸ்டேட்டா?

கலிஃபோர்னியாவில் இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் (பட்டப் படிப்பின் முதல் இரண்டு வருடத்தைக் குறைந்த செலவில் படிக்கும் கல்லூரி) ஜப்பானிய மொழி படித்துவிட்டு, யூசிக்கோ (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) கால் ஸ்டேட்டுக்கோ (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) மாறி அந்த மொழியிலேயே பட்டம் முடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹிரகானா என்ற அடிப்படை ஜப்பானிய எழுத்துகூடத் தெரியாமல் கம்யூனிட்டி காலேஜில்தான் தொடங்கினீர்கள் என்றால் கால் ஸ்டேட்டுக்குப் போங்கள். நான் போனது அங்கேதான், யூசி டேவிஸில் இடம் கிடைத்தும் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்தே மேற்கொண்டு படியுங்கள். யூசி வகுப்பில் உட்கார்ந்து நான் படித்ததில்லை. அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்வதில் பாதி, என்னோடு ஒரே வகுப்பில் இருந்து அங்கே போன இரண்டு தோழிகள் சொன்னது.

பணத்தை முதலில் பேசி முடித்துவிடலாம். கம்யூனிட்டி காலேஜில் கலிஃபோர்னியாவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் கிரெடிட் அளவு) 46 டாலர், இதை மிஞ்ச எதுவும் இல்லை. கால் ஸ்டேட்டில் 2025–26-க்கு ஆண்டுக் கட்டணம் 6,450 டாலர், வளாகக் கட்டணங்கள் தனி. அதே ஆண்டு யூசியில் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஏறக்குறைய 15,000. கால் ஸ்டேட்டில் வருடத்துக்கு 6 சதவீதம் ஏறிக்கொண்டே போகிறது, யூசியிலோ சேர்ந்த வருடத்துக் கட்டணம் ஆறு வருடம்வரை மாறாது, ஆனாலும் இடைவெளி பெரியதுதான். குறைந்த வருமானக் குடும்பத்துக்கு யூசி தரும் உதவித்தொகை தாராளமானது, அவர்களுக்கு இந்தக் கணக்கே தலைகீழாகிவிடலாம். என்னைப் போல எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) படிப்பவர்களுக்கு அந்த வழி இல்லை. ஓராண்டுக்கு மேல் இங்கே குடியிருந்ததைக் காட்டினால் உள்ளூர்க் கட்டணம் கிடைக்கும், ஆனால் ஃபெடரல் உதவிக்கு விண்ணப்பிக்க முடியாது, முழுத் தொகையும் கைக்காசுதான்.

இடம் கிடைப்பதைப் பற்றியும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யூசியில் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் என்ற ஆறு வளாகங்களில் ஒன்றுக்கு செப்டம்பரில் டேக் (டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்டி) விண்ணப்பம் போட்டு, கேட்கும் மதிப்பெண்ணும் பாடங்களும் இருந்தால் இடம் உறுதி. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோவுக்கு அந்த உறுதி கிடையாது. கால் ஸ்டேட் பக்கம் 2010-இல் வந்த சட்டத்தின்படி டிரான்ஸ்ஃபர் அசோசியேட் பட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதை முடித்தால் ஏதாவதொரு கால் ஸ்டேட்டில் இடமும், இன்னும் 60 யூனிட்டில் பட்டம் என்ற உறுதியும் உண்டு. ஸ்பானிஷுக்கு அது இருக்கிறது. ஜப்பானிய மொழிக்கு இல்லை, நாம் சாதாரண வழியில்தான் போக வேண்டும், ஆனாலும் மொழிப் பட்டங்களுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் மாதிரி அடிதடி இல்லை என்பதால் மதிப்பெண் ஓரளவு நன்றாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது இவை இரண்டும் அல்ல, அங்கே போய்ச் சேர்ந்ததும் எந்த நிலை வகுப்பில் உட்கார வைக்கப்போகிறார்கள் என்ற ஒரே கேள்வி. வரலாறோ பொருளாதாரமோ படிப்பவருக்கு இந்தக் கவலை கிடையாது. கல்லூரிகளின் பாடங்களை ஒப்பிட்டுக் காட்டும் அசிஸ்ட் தளத்தில் இந்தப் பாடம் அந்தப் பாடத்துக்குச் சமம் என்று போட்டிருந்தால் போதும், அடுத்த பாடத்தில் சேர்ந்துவிடலாம். மொழிப் பட்டத்தில் மூன்றாம் ஆண்டு மொழி வகுப்பில் நுழைந்தால்தான் இலக்கியம், மொழியியல், மொழிபெயர்ப்பு என்று பட்டத்துக்கு வேண்டிய மேல்நிலைப் பாடங்களில் பாதி திறக்கும். ஸ்பானிஷுக்கு வேண்டுமானால் எல்லாப் பருவத்திலும் எல்லா நிலையும் கிடைக்கலாம். ஜப்பானிய மொழியின் மூன்றாம் ஆண்டு வகுப்பு பெரும்பாலான இடங்களில் இலையுதிர்ப் பருவத்தில்தான் தொடங்கும், அதுவும் ஒரே ஒரு பிரிவு. அந்தக் கதவு அந்த மாதத்தில் மூடினால் அடுத்த வருடம்தான் திறக்கும். இரண்டு வருடத்தில் முடிய வேண்டிய படிப்பு மூன்றாகும், அந்த ஒரு வருடத்தின் கட்டணத்தையும் பே ஏரியா வாடகையையும் சேர்த்துப் பார்த்தால், மேலே சொன்ன கட்டண வித்தியாசமெல்லாம் சின்னதாகத் தெரியும்.

சிக்கல் கம்யூனிட்டி காலேஜிலேயே ஆரம்பித்துவிடுகிறது. முதல் செமஸ்டர் வகுப்புக்கு வெயிட்லிஸ்ட் இருக்கும், நான்காவதுக்கு வரும்போது கூட்டம் கரைந்துவிடும், போதிய ஆள் சேரவில்லை என்று பருவம் தொடங்கும் வாரத்தில் வகுப்பையே எடுத்துவிடுவார்கள். நான் படித்த இடத்தில் எங்களுக்கு அப்படித்தான் ஆனது. கலிஃபோர்னியா விர்ச்சுவல் கேம்பஸ் வழியாக வேறொரு கம்யூனிட்டி காலேஜின் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்து நான்காவதை முடித்தேன். யாராவது இந்த நிலையில் இருந்தால் அந்த வழியை முதலில் பாருங்கள், மூன்று செமஸ்டரோடு போகாதீர்கள், அந்த ஒரு செமஸ்டர் இல்லாமல் மூன்றாம் ஆண்டு வகுப்பைப் பற்றிப் பேசவே முடியாது.

நான்கையும் முடித்துவிட்டோம், அசிஸ்டிலும் சமம் என்று இருக்கிறது, சரி, அப்புறம் என்ன பிரச்சினை? யூனிட்டை ஏற்றுக்கொள்வது ஒன்று, நிலையை ஏற்றுக்கொள்வது வேறொன்று. யூசி வளாகங்களில் மொழித் துறைகள் பெரும்பாலும் தங்கள் பிளேஸ்மென்ட் டெஸ்ட்டை வைத்துத்தான் நிலையை முடிவு செய்கின்றன. பெர்க்லியும் மெர்செட்டும் தவிர மற்றவை பத்து வாரப் பருவங்களான குவார்ட்டர் முறையில் ஓடுகின்றன, வகுப்புகள் செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும். நம் கம்யூனிட்டி காலேஜ் செமஸ்டர் மே மாதக் கடைசியில் முடிந்திருக்கும். நடுவில் நான்கு மாதம் வகுப்பே இல்லாமல் இருந்துவிட்டுப் போய்த் தேர்வு எழுதுகிறோம். ஜப்பானிய மொழியில் நான்கு மாதம் எழுதாமல் விட்டால் கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) எப்படிக் கையைவிட்டுப் போகும் என்று படித்தவர்களுக்குத் தெரியும்.

பாடப் புத்தகமும் இதில் சேர்கிறது. கம்யூனிட்டி காலேஜ்களில் நிறைய இடங்களில் கெங்கி புத்தகத்தின் இரண்டு தொகுதிகள்தான், 23 பாடம், 317 கான்ஜி. நான்கு செமஸ்டரில் 23-ஐயும் முடிக்கிற ஆசிரியர்களும் உண்டு, 20-ஐ ஒட்டி நிற்கிறவர்களும் உண்டு. டிரான்ஸ்கிரிப்டில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே யூனிட். போகிற இடத்தில் இரண்டாம் ஆண்டிலேயே வேறு புத்தகம், கூடுதல் கான்ஜி, கொஞ்சம் நீளமான வாசிப்பு என்று போயிருந்தால், தேர்வில் அந்த இடைவெளி அப்படியே தெரிந்துவிடும். திறமைக்குறைவு என்று இதைச் சொல்ல மாட்டேன், சொல்லித்தராததைக் கேட்டால் யாரால் எழுத முடியும்?

என் தோழிகளில் ஒருத்தி யூசியில் அந்தத் தேர்வைத் தாண்டி நேராக மூன்றாம் ஆண்டில் உட்கார்ந்தாள், இரண்டே வருடத்தில் முடித்தாள், அங்கே போனதில் அவளுக்கு முழுத் திருப்தி. அவள் அந்தக் கோடை முழுக்க ஒரு ஜப்பானியப் பாட்டியம்மாவுக்கு வீட்டு வேலையில் உதவி செய்து, தினமும் அவரோடு பேசிக்கொண்டிருந்தவள். இன்னொருத்திக்கு வேறொரு யூசி வளாகத்தில் இரண்டாம் ஆண்டின் நடுவிலுள்ள குவார்ட்டர்தான் தகுதி என்று வந்தது. அந்தக் குவார்ட்டர் ஜனவரியில்தான் நடக்கும். அதனால் இலையுதிர் முழுக்க ஜப்பானிய மொழி வகுப்பே இல்லாமல், ஆங்கிலத்தில் நடக்கும் பண்பாட்டுப் பாடங்களை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள், வசந்தத்தில் இரண்டாம் ஆண்டை முடித்தாள், மூன்றாம் ஆண்டு மொழி அவளுக்கு அங்கே போன இரண்டாவது வருடத்தில்தான் தொடங்கியது. நான்காம் ஆண்டுப் பாடங்களுக்காக இன்னொரு வருடம் இருக்க வேண்டியதாயிற்று. வகுப்பில் என்னைவிட அவள்தான் கெட்டிக்காரி என்பதால்தான் இது எனக்கு இன்னும் ஆறவில்லை. பெர்க்லியின் எல் அண்ட் எஸ் (கலை, அறிவியல்) கல்லூரியில் ஜூனியராக, அதாவது மூன்றாம் ஆண்டில், போகிறவர்களுக்குப் பொதுவாக நான்கு செமஸ்டர்தான் என்ற வரம்பே இருக்கிறது, அங்கே இப்படி நேர்ந்தால் பட்டத்தையே மாற்றிக்கொள்ளும் நிலைகூட வரலாம்.

கால் ஸ்டேட்டில் எனக்கு நடந்தது இது: செமஸ்டர் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கியது, ஆசிரியர் டிரான்ஸ்கிரிப்டைப் பார்த்தார், கால் மணி நேரம் ஜப்பானிய மொழியில் பேச வைத்தார், எந்தப் புத்தகத்தில் எந்தப் பாடம்வரை என்று கேட்டார், மூன்றாம் ஆண்டில் உட்காரச் சொல்லிவிட்டார். அந்த வகுப்பில் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலக் கம்யூனிட்டி காலேஜிலிருந்து வந்தவர்கள், அதனால் முதல் சில வாரங்கள் கெங்கியின் கடைசிப் பாடங்களை, கெய்கோ மரியாதை வடிவங்களையும் செயப்பாட்டு வினைகளையும், திரும்ப எடுத்துத்தான் புதுப் புத்தகத்துக்குப் போனார். இது அவருடைய நல்ல மனசு மட்டுமல்ல. கால் ஸ்டேட்டில் பட்டம் வாங்குகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கம்யூனிட்டி காலேஜ் வழியாக வந்தவர்கள், இந்தக் கூட்டத்தை வைத்துத்தான் அங்கே பாடத்தையே அமைக்கிறார்கள். எல்லாக் கால் ஸ்டேட் வளாகத்திலும் இப்படித்தான் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, சிலவற்றில் எழுத்துத் தேர்வும் உண்டு. ஆனால் செமஸ்டருக்கு செமஸ்டர் நேராகப் பொருந்துவதும், பதினைந்து வாரம் கிடைப்பதும், பத்து வாரக் குவார்ட்டரில் ஓடுவதோடு ஒப்பிட்டால், நம்மைப் போலத் தாமதமாகத் தொடங்கியவர்களுக்குப் பெரிய ஆசுவாசம்.

யூசி யாருக்கு? மொழியை வைத்து ஆராய்ச்சி செய்ய வேண்டும், மேலே பிஎச்டி போக வேண்டும் என்று இப்போதே தெரிந்தவர்களுக்கு யூசிதான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. செவ்வியல் ஜப்பானிய மொழியை, அதாவது ஹெய்யான் காலத்து எழுத்தை மூலத்திலேயே படிக்கச் சொல்லித்தரும் வகுப்பு பெர்க்லியில் இருக்கிறது, எங்கள் துறையில் அதை நினைத்தும் பார்க்க முடியாது. 2008-இல் திறந்த ஸ்டார் கிழக்காசிய நூலகத்துக்கு ஒருமுறை போனாலே வித்தியாசம் புரிந்துவிடும். அதிகம் பேர் படிக்காத மொழிகளுக்கும் அங்கேதான் வழி: சமஸ்கிருதம், திபெத்தியம், கெமர், ஏன், நம் தமிழும் பெர்க்லியில் பாடமாக இருக்கிறது.

கால் ஸ்டேட்டுக்கு எதிரான பெரிய விஷயம் ஒன்றை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் மொழித் துறைகள் சுருங்கிக்கொண்டிருக்கின்றன. எம்எல்ஏ (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) அமைப்பின் கணக்கெடுப்பில் 2016-க்கும் 2021-க்கும் இடையே கல்லூரிகளில் வெளிமொழி படிப்பவர் எண்ணிக்கை 16.6 சதவீதம் குறைந்தது (கொரியனோ 38 சதவீதம் ஏறியது). 2023-இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் வெளிமொழிப் பட்டப் படிப்புகளையே நிறுத்த முடிவு செய்தது. 2025 ஜனவரியில் கால் ஸ்டேட் குடும்பத்தைச் சேர்ந்த சோனோமா ஸ்டேட் இருபதுக்கும் மேற்பட்ட பட்டப் படிப்புகளை நிறுத்துவதாக அறிவித்தது. கால் ஸ்டேட்டின் சின்ன மொழித் துறைகளில் நிரந்தர ஆசிரியர் இரண்டு பேர் இருந்தாலே அதிகம், ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்பாமல் விடுவதுதான் முதல் அறிகுறி. அதனால் கேட்டலாகில் போட்டிருக்கும் பாடப் பட்டியலை நம்ப வேண்டாம், அதில் பத்து வருடமாக நடக்காத பாடமும் இருக்கும். வளாகத்தின் வகுப்பு அட்டவணை பொதுவில் தேடிப் பார்க்கக் கிடைக்கிறது, கடந்த நான்கு செமஸ்டரில் மூன்றாம், நான்காம் ஆண்டு ஜப்பானிய வகுப்புகள் எத்தனை உண்மையில் நடந்தன என்று எடுத்துப் பாருங்கள். நடந்த பாடங்களை வைத்தே பட்டம் முடியும் என்றால் போகலாம். முடியாது என்றால், நான் இதுவரை சொன்னதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு யூசிக்குப் போங்கள், ஏனென்றால் நடக்காத வகுப்புக்காகக் காத்திருப்பதும் அதே ஒரு வருடத்தைத்தான் தின்னும்.

ஜப்பானில் ஒரு வருடம் படிக்கும் வாய்ப்பு இரண்டிலும் உண்டு. யூசியின் வெளிநாட்டுப் படிப்புத் திட்டத்தில் தேர்வு அதிகம், கால் ஸ்டேட்டில் டோக்கியோவின் வாசேடா பல்கலைக்கழகம் மாதிரி நல்ல இடத்துக்கே உள்ளூர்க் கல்விக் கட்டணத்தில் போக வழி இருந்தது, அதில் நான் போகவில்லை. பட்டத்துக்குப் பிறகு ஜப்பான் அரசின் ஜெட் திட்டத்தில் அங்கே போய் ஆங்கிலம் சொல்லித்தரலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அமெரிக்காவிலிருந்து விண்ணப்பிக்க அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. எந்தத் துறைப் பட்டமும் அதற்குப் போதும் என்பதால், யூசியா கால் ஸ்டேட்டா என்று அதற்காக யோசிக்க வேண்டியதில்லை.

இரண்டுக்கும் பொது விண்ணப்பக் காலம் அக்டோபர், நவம்பர். டேக் போடுவதாக இருந்தால் செப்டம்பருக்குள் முடிவெடுக்க வேண்டும். அதற்கு முன்னால், ஆகஸ்டிலேயே, ஒவ்வொரு வளாகத்தின் ஜப்பானிய மொழி ஒருங்கிணைப்பாளருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அட்மிஷன் அலுவலகத்துக்கோ நம் காலேஜ் கவுன்சிலருக்கோ அல்ல, அவர்களுக்கு யூனிட் கணக்குதான் தெரியும். எந்தப் புத்தகத்தில் எந்தப் பாடம்வரை முடிப்பீர்கள் என்று எழுதிவிட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: இப்படி வருகிறவர்கள் வழக்கமாக எந்த வகுப்பில் சேர்கிறார்கள், பிளேஸ்மென்ட் டெஸ்ட்டை மே மாதமே எழுத முடியுமா, ஒருவேளை நிலை குறைந்தால் கோடை வகுப்பில் ஈடுகட்ட வழி உண்டா. எனக்கு கால் ஸ்டேட்டிலிருந்து இரண்டே நாளில் விவரமான பதில் வந்தது, கோடையில் என்னென்ன கான்ஜியைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்ற பட்டியலோடு.