இறகா, முட்டையா? நீர்ப்பறவைகளைக் கொண்டு மாசை அளத்தல்

நீர்நிலையின் மாசைப் பறவைகள் வழியே அறிய முனைவோர் முதலில் தயங்குவது, இறகைச் சேகரிப்பதா முட்டையைச் சேகரிப்பதா என்பதில்தான்.

காட்டும் மாசு: இறகு வளரும் நாள்களில் இரத்தத்தில் ஓடும் பாதரசம், இறகின் புரதமான கெரட்டினில் உள்ள கந்தகத்தோடு பிணைந்து அங்கேயே தங்கிவிடுகிறது. முட்டையின் மஞ்சள் கருவோ கொழுப்பில் கரையும் டிடிடி என்னும் பூச்சிக்கொல்லி, பிசிபி என்னும் தொழிற்சாலை வேதிப்பொருள் போன்றவற்றைத் தாயிடமிருந்து பெறுகிறது. டிடிடி சிதைந்து உருவாகும் டிடிஇ, சில பறவைகளின் முட்டையோட்டை மெலியச் செய்வதால், ஓட்டின் தடிமனே சான்றாகிவிடுகிறது. வட அமெரிக்கப் பேரேரிகளில் 1974 முதல் ஹெர்ரிங் கடற்காகத்தின் முட்டைகளை ஆராய்ந்து வருவதும் இத்தகைய மாசுகளை அறியவே.

பாதுகாத்தல்: இறகுக்குக் காகித உறை போதும். முட்டையின் உள்ளடக்கத்தை உறைய வைக்க வேண்டும்.

பிழை வாய்ப்பு: இறகின் நுண்ணிழைகளில் ஒட்டிய சேற்றை நன்கு கழுவாவிட்டால், வெளியே படிந்த ஈயமும் உடலில் சேர்ந்ததாகவே கணக்காகும். முட்டையில் இச்சிக்கல் குறைவு.

பறவைக்கு இழப்பு: உதிர்ந்த இறகால் இழப்பில்லை, ஆனால் வலசைப் பறவையின் இறகு எந்த நாட்டு நீரைச் சொல்கிறது என்பது தெளிவாகாது. முட்டையை எடுப்பது ஓர் உயிரை எடுப்பதே என்பதால், அருகிவரும் இனங்களில் பொரியாமல் கைவிடப்பட்டவற்றோடு நிறுத்திக்கொள்வதே முறை.

ஆகவே, ஒரு குறிப்பிட்ட ஏரியின் பாதரசத்தை அறிய, அங்கேயே இரை உண்டு வளரும் குஞ்சின் இறகு பொருந்தும். பூச்சிக்கொல்லி எச்சத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க முட்டையே தக்கது.