கீபாஸ்எக்ஸ்சி: சில வருடப் புழக்கத்துக்குப் பின்

பாஸ்வேர்டு மேனேஜர் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அதை நிறுவிய வாரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். கீபாஸ்எக்ஸ்சியைச் சில வருடங்களாகத் தினமும் திறந்து மூடுகிறவன் என்ற முறையில், பழகப் பழகத் தெரியவந்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். வீட்டில் விண்டோஸ் லேப்டாப், கையில் ஆண்ட்ராய்டு போன். இரண்டிலும் ஒரே பாஸ்வேர்டு கோப்பை வைத்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: இது பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் இலவச ஓப்பன் சோர்ஸ் (மூல நிரலை யாரும் பார்க்கலாம்) மென்பொருள். 2003-இல் விண்டோஸுக்காக வந்த கீபாஸ் என்ற மேனேஜரின் வழியில் வந்தது. எல்லாப் பாஸ்வேர்டுகளும் பூட்டிய ஒரே கோப்பில், உங்கள் கணினியிலேயே இருக்கும். கணக்குத் தொடங்க வேண்டாம், யாருடைய சர்வரும் இடையில் இல்லை. 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற ஆன்லைன் பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர் பெட்டகங்களின், அதாவது பாஸ்வேர்டு கோப்புகளின் நகல்களையே திருடிப் போனார்கள். உள்ளே பாஸ்வேர்டுகள் பூட்டித்தான் இருந்தன. ஆனால் யார் எந்தெந்தத் தளத்தில் கணக்கு வைத்திருக்கிறார் என்ற முகவரிப் பட்டியல் பூட்டாமல் இருந்தது. அதைப் படித்த பிறகுதான் கோப்பு என் கையிலேயே இருக்கட்டும் என்று தோன்றியது.

நீளமான பாஸ்வேர்டு போட்டுத் தரும், எதையும் நினைவில் வைக்க வேண்டாம் என்பதெல்லாம் எல்லா மேனேஜரும் செய்வதுதான். நான் இதைக் கைவிடாமல் இருப்பதற்குக் காரணம் வேறு. பிரவுசரில் போடும் இதன் எக்ஸ்டென்ஷன், தள முகவரியைப் பார்த்துத்தான் பாஸ்வேர்டை நீட்டும். முகவரி பொருந்தவில்லை என்றால் வாயே திறக்காது. 'உங்கள் பார்சலின் முகவரி முழுமையாக இல்லை' என்று தபால் துறை பெயரில் வரும் எஸ்எம்எஸ்ஸைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி ஒரு லிங்க், அச்சு அசலாக வங்கிப் பக்கம் போலவே ஒன்றைக் காட்டினாலும், என் கண் ஏமாறலாம், இது ஏமாறாது. லோகோவையும் நிறத்தையும் அது பார்ப்பதே இல்லையே.

இதிலேயே ஒரு வேடிக்கையும் நடந்தது. ரிசர்வ் வங்கி சொன்னபடி 2025 அக்டோபர் இறுதிக்குள் வங்கிகள் எல்லாம் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற வேண்டியிருந்தது. என் வங்கி மாறிய அன்று, உண்மையான தளத்திலேயே எக்ஸ்டென்ஷன் மௌனமாகிவிட்டது. பாஸ்வேர்டைக் காப்பி செய்து ஒட்டிவிடலாம் என்று கை பரபரத்தது. மோசடிக்காரர்கள் காத்திருப்பது அந்தப் பரபரப்புக்குத்தான். பாஸ்புக்கில் இருந்த கிளை எண்ணுக்குப் போன் செய்து கேட்டு, புது முகவரியை கீபாஸ்எக்ஸ்சியில் அந்தக் கணக்கின் பதிவில் கூடுதல் முகவரியாகச் சேர்த்தேன். ஐந்து நிமிட வேலை. இந்தப் புது முகவரி வங்கிகளுக்கு மட்டுமே தரப்படுகிறது என்பதால், இந்த மாற்றம் எனக்கு நல்லதாகவே படுகிறது.

எரிச்சல்களும் உண்டு. ஒரு வங்கித் தளம் பாஸ்வேர்டு பெட்டியில் பேஸ்ட் செய்யவே விடாது. பாதுகாப்பாம். நீளமான பாஸ்வேர்டு வைத்திருப்பவனைத்தான் இது தண்டிக்கிறது. இதற்கு ஆட்டோ டைப் கைகொடுக்கிறது: விசைப்பலகையில் நாமே தட்டுவது போல எழுத்து எழுத்தாக அதுவே அடித்துவிடும். திரையில் கீபோர்டைக் காட்டி, மவுசால் சொடுக்கு என்கிற தளங்களில் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, பார்த்துப் பார்த்துச் சொடுக்க வேண்டியதுதான்.

அப்புறம் அந்தப் பாதுகாப்புக் கேள்விகள். 'அம்மாவின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன?' குடும்பப் பெயரே இல்லாத ஊரில் இதற்கு என்ன எழுதுவது? பெரும்பாலோர் தாத்தா பெயரை எழுதுவார்கள். அது கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சாகியிருக்கும். நான் அங்கே கண்டபடி எழுத்துகளை உருவாக்கிப் போட்டு, அந்தக் கணக்கின் குறிப்புப் பகுதியில் சேமித்துவிடுவேன். கேள்விக்கு உண்மையான பதில்தான் தர வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

நான் எதிர்பார்க்காத பயன், ஆவணங்கள். ஆதார் பிடிஎஃப் நம் எல்லோர் டவுன்லோட் போல்டரிலும் இரண்டு மூன்று நகல் கிடக்கும். அதன் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான். நம் பெயரும் வயதும் தெரிந்த யாரும் திறந்துவிடலாம். இப்போது ஆதார், பான், பாஸ்போர்ட் ஸ்கேன்களைப் பெட்டகத்துக்குள் அட்டாச்மென்டாகப் போட்டுவிட்டு வெளியே இருந்த நகல்களை அழித்துவிட்டேன். ஜெராக்ஸ் கடைக்கு அனுப்ப வேண்டி வந்தால், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதார் போதும். நிறையப் படங்களைத் திணித்தால் கோப்பு கனத்துவிடும், அதனால் இந்த மூன்று நான்கோடு சரி.

போனில் கீபாஸ்டிஎக்ஸ் என்ற வேறொரு ஆப் அதே கோப்பைத் திறக்கிறது. சிக்கல், கோப்பை இரண்டு இடத்திலும் ஒன்றாக வைத்திருப்பது. லேப்டாப்பில் ஒரு கணக்கைச் சேர்த்து, அது போனுக்குப் போய்ச் சேருமுன் அங்கே இன்னொன்றை மாற்றினால் இரண்டு கோப்பாகப் பிரிந்து நிற்கும். கீபாஸ்எக்ஸ்சியில் இரண்டையும் ஒன்றாக்கும் வசதி இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அப்படிப் பிரிந்திருப்பதை நாம்தான் கவனிக்க வேண்டும். நான் போனில் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, மாற்றங்களை லேப்டாப்பில் மட்டும் செய்கிறேன்.

பெட்டகத்தையே திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் கதை முடிந்தது. 'மறந்துவிட்டீர்களா?' என்ற பொத்தானே கிடையாது. பிடித்த பாட்டு வரியை வைக்கலாமே என்பார்கள், பாட்டு ஊருக்கே தெரியுமே. 7776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து மென்பொருளே குலுக்கல் முறையில் சில ஆங்கிலச் சொற்களை எடுத்துத் தரும். அதையே மாஸ்டர் பாஸ்வேர்டாக்கி, ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். கோப்பின் நகல் உள்ள பென்டிரைவும் அங்கேயே. மனைவிக்கு இடம் தெரியும், திறக்கவும் தெரியும். எனக்கு ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கணக்கைத் திறக்க ஊரெல்லாம் அலைய வேண்டாம்.

இது எதைத் தடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் 'வாகன அபராதச் செலான்' என்று வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு) நிறுவிவிட்டால் போன் அவர்கள் கையில். போனில் போலீஸ் என்று மிரட்டுகிறவனிடம் நாமே ஓடிபியைச் சொன்னால் எந்த மேனேஜரும் குறுக்கே வராது. அங்கே உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைப்பதுதான் வழி. பெட்டகம் திறந்திருக்கும்போது கணினியில் வைரஸ் இருந்தால் இதுவும் பாதுகாப்பில்லை.

நிறுவுபவர்கள் கூகுள் விளம்பரத்தைச் சொடுக்காமல், முகவரியை நீங்களே தட்டி அதிகாரபூர்வத் தளத்துக்குப் போங்கள். 2023-இல் கீபாஸ் பெயரில், ஒரு எழுத்துக்குக் கீழே சின்னக் குறி மட்டும் வித்தியாசமான போலி முகவரியோடு விளம்பரமே ஓடியது. கோப்பு, நகல் என்று மெனக்கெட மாட்டேன் என்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. என் அக்காவுக்கு பிட்வார்டன் என்ற இன்னொரு மேனேஜரைத்தான் போட்டுக் கொடுத்தேன். அதுவும் ஓப்பன் சோர்ஸ், இலவசக் கணக்கே போதும், கோப்பை அதுவே பார்த்துக்கொள்கிறது.