தோட்டத்துக்கு ஸ்டீல் சிற்பம்: பீனியா பட்டறையில் செய்யக் கொடுத்த அனுபவம்

பெங்களூரு ஜெயநகர் வீட்டுத் தோட்டத்துக்கு 9 அடி உயர ஸ்டீல் சிற்பம் ஒன்றைப் பீனியா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் செய்யக் கொடுத்தோம். உருவம் எதுவும் கிடையாது, மூன்று வளைவுகள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் மேலே போகும், அவ்வளவுதான். அட்டையில் மாதிரி செய்து காட்டியபோதே எங்களுக்குப் பிடித்துவிட்டது.

வேலை அருமை. எளிதில் துருப்பிடிக்காத 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு, ஆர்கான் வாயு சூழ்ந்திருக்கச் செய்யும் வெல்டிங்; தேய்த்து மெருகேற்றிய இடத்தில் விரலை ஓட்டினால் இணைப்பு எங்கே என்றே தெரியவில்லை. ஆனால் 3 மி.மீ. தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 24 கிலோ வரும், அதற்குக் கான்கிரீட் அடித்தளம் முன்பே போட்டுக் காயவிட வேண்டும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை, கிரேன் வாடகை ஒரு நாள் வீணானது.

முதல் மழைக்கு அப்புறம் அடிப்பக்கம் பழுப்புப் புள்ளிகள். சாதா இரும்பைத் தேய்த்த கிரைண்டிங் சக்கரத்தையே இதற்கும் பயன்படுத்தினால் இரும்புத் துகள் ஒட்டி இப்படித் துரு காட்டும். சொன்ன மறுநாளே ஆள் வந்து பிக்ளிங் பேஸ்ட் (துருவைக் கரைக்கும் அமிலப் பசை) தடவிக் கழுவிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. நீங்கள் கொடுப்பதாக இருந்தால் தனிச் சக்கரம் வைத்திருக்கிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.