ஊருணிக் கரைப் பூங்கா: நிழல் நிறைவு, வரத்துக்கால் குறை

இராமநாதபுரத்தில் எங்கள் குடியிருப்பை ஒட்டியுள்ள பழைய ஊருணி ஒன்றைத் தூர்வாரி, கரையைச் சுற்றி நடைபாதையும் மரங்களும் நடுவில் நீரூற்றும் அமைத்துப் பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கிறார்கள். நாள்தோறும் அங்கே நடப்பவன் என்ற முறையில், இந்தப் பூங்கா நகரத்துக்கு எதைத் தருகிறது, எங்கே தவறுகிறது என்பதை எழுதுவது பயனுள்ளது எனக் கருதுகிறேன். நகரின் விளிம்பில் மனைப்பிரிவுகள் பெருகிவரும் இந்த நாளில், அடுத்த ஊருணியை எப்படிச் சீரமைப்பது என்ற கேள்வி விரைவில் நம் முன் வந்து நிற்கும்.

முதலில் நிழலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேற்குக் கரையில் முன்பே நின்ற வேம்பையும் பூவரசையும் வெட்டாமல், அவற்றுக்கு இடம்விட்டு நடைபாதையை வளைத்துக் கொண்டு போயிருப்பது இந்தப் பூங்காவின் தலைசிறந்த முடிவு. கிழக்குக் கரையிலோ, மண் தெரியாதபடி சிமெண்டுக் கல் பதித்து, அழகுக்காகக் குட்டைப் புதர்களை மட்டும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். சித்திரை மாதத்துப் பிற்பகலில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லில் நான்கு அடி வைக்க முடியாது; பொழுது சாய்ந்து வெகுநேரம் ஆன பிறகும் அதில் உட்கார்ந்தால் சூடு ஏறுகிறது. அதே நேரத்தில் பூவரசின் அடியில் மண் குளிர்ந்து கிடக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. மரத்தின் இலைகளும் ஊருணியின் நீர்ப்பரப்பும் அந்த வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஆனால் கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி என்பதால், இங்கே நீர் ஆவியாவதால் கிடைக்கும் குளிர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே உள்நாட்டு நகரங்களைவிட நம் பகுதியில் நீரூற்றைக் காட்டிலும் அடர்ந்த நிழலுக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கிழக்குக் கரையில் புங்கையும் புன்னையும் நட்டால், உப்புக்காற்றையும் தாங்கும், சில ஆண்டுகளில் குடையும் விரிக்கும்.

நீரூற்று வீண் என்று சொல்லவில்லை. நீரைக் கலக்கி அதில் உயிர்வளியை (ஆக்சிஜனை) சேர்ப்பதும், அசையாத நீரில் முட்டையிடும் கொசுவைத் தடுப்பதும் அதன் மெய்யான பயன்கள். அதை மாலையில் வண்ண விளக்கு எரியும் நேரத்தில் மட்டும் இயக்குவதுதான் பொருத்தமற்றது. இரவெல்லாம் நீருக்குள் இருக்கும் பாசியும் மீனும் சுவாசிப்பதால், விடியற்காலையில்தான் உயிர்வளி மிகவும் குறைகிறது. கோடையில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாய் பிளப்பதை அப்போதுதான் காண்கிறோம். நீரூற்றை விடியலுக்கு முன் ஒரு மணி நேரம் இயக்கினால், அதே மின்சாரத்தில் கூடுதல் நன்மை கிடைக்கும்.

பூங்காவின் பெரிய குறை, பார்வையாளர் எவரும் எட்டிப் பார்க்காத வடமேற்கு மூலையில் இருக்கிறது. அங்கேதான் மழைநீர் ஊருணிக்குள் நுழையும் வரத்துக்கால் முடிகிறது. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் வரத்துக்காலின் வாய் ஒடுங்கிவிட்டது. எஞ்சிய திறப்பின் இரும்புக் கம்பிகளில் பால் கவர்களும் பிளாஸ்டிக் பைகளும் ஒட்டி, மண் படிந்து இறுகிக் கிடக்கின்றன. சென்ற ஐப்பசி மழையில் தெருநீர் அந்த வாயைத் தாண்டி ஓடிச் சாக்கடையில் விழ, ஊருணியின் படித்துறையில் பாதிப் படிகள் காய்ந்தே நின்றன. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும் மாவட்டத்தில், அந்த நீரைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். கடலோர நிலத்தடியில் உவர்நீரின் மேல்தான் நன்னீர் மிதக்கிறது. ஊருணி நிறைந்து கசியும்போது அந்த நன்னீர்ப் படலம் தடித்து, சுற்றியுள்ள கிணறுகளில் உப்பு தணிகிறது. நம் முன்னோர் ஊருணி வெட்டியதன் உயிரான நோக்கமே அதுதான். பூங்காவைப் பராமரிப்போர் புல்வெளிக்குத் தண்ணீர் லாரி வரவழைக்கும் செலவில் ஒரு பகுதியை, மழைக்கு முன் அந்தக் கம்பிகளைச் சுத்தம் செய்யவும் வாயை அகலப்படுத்தவும் ஒதுக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர் பலர் வேலைக்குச் சென்றிருக்கும் சிங்கப்பூரில், பிஷான் அங் மோ கியோ பூங்காவில் கான்கிரீட் வாய்க்காலாக இருந்த கல்லாங் ஆற்றின் சுவரை உடைத்து, செடி வளரும் சரிவான மண்கரையாக மாற்றி 2012இல் திறந்தார்கள். மழை பெருகினால் பூங்காவின் ஒரு பகுதியே ஆற்றுக்கு இடம் கொடுக்கும். இங்கே நாம் அதற்கு நேர்மாறாக மண்கரையைச் சுவராக்கிக் கொண்டிருக்கிறோம். சுவர் வந்த பக்கத்தில் கோரையும் இல்லை, மடையான் கொக்கும் இறங்குவதில்லை; தெற்கே மண்சரிவு விட்ட சிறு பகுதியில் மட்டும் மடையானும் மீன்கொத்தியும் காலை முழுதும் காத்திருக்கின்றன. நகரை ஒட்டிய சக்கரக்கோட்டை கண்மாய் 2025இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பிறகாவது, நகருக்குள் இருக்கும் ஊருணிகளும் பறவைகளுக்கு உரியவை என்று திட்டமிட வேண்டும்.

மற்ற வசதிகள் போதுமானவை. கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. குழந்தைகள் பகுதியில் ஊஞ்சல் உறுதியானது. படித்துறைக்குக் கைப்பிடி வைத்திருப்பது முதியோருக்கு நல்ல துணை. சக்கர நாற்காலியில் வருவோர் தெற்கு வாயிலையே பயன்படுத்த வேண்டும், கிழக்கு வாயிலில் படி மட்டுமே உள்ளது. கோடையில் வருவோர் காலை எட்டு மணிக்குள் வந்து மேற்குக் கரையில் நடப்பது நல்லது. கார்த்திகையில் வருவோர், மழை விட்டவுடன் வடமேற்கு மூலைக்குச் சென்று வரத்துக்காலில் நீர் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடவில்லையெனில் நுழைவாயிலில் உள்ள புகார்ப் பதிவேட்டில் தேதியிட்டு எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.