“48 வோல்ட் ஸ்டூடியோ செட்” வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வீட்டிலேயே பாட்டு, கூத்து என்று பதிவுசெய்ய ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். “முழு ஸ்டூடியோ செட்” என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். உள்ளே பிஎம்-800 என்று அச்சடித்த மைக், வி8 என்ற சின்ன சவுண்ட் கார்ட், மேசையில் பூட்டும் ஸ்டாண்ட், பஞ்சு உறை, ஒரு வயர். மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில் இதை என்னிடம் 27,500 ரூபாய்க்குத் தள்ளிவிட்டார்கள். எப்படித் தள்ளிவிட்டார்கள் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

என் தேவையைத் தெளிவாகவே சொன்னேன். படுவான்கரையில் இருக்கும் என் மாமா அண்ணாவியார், கூத்துப் பழக்குபவர். வடமோடிக் கூத்துத் தருக்கள், அதாவது கூத்துப் பாட்டுகள், அவருக்கு ஏடு பார்க்காமலே வரும். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, முந்தி மாதிரி மூச்சு நிற்பதில்லை. அவருடைய குரலையும் மத்தளத்தையும் லெப்டொப்பில் சுத்தமாகப் பதிய வேண்டும், பின்னால் எக்கோ எதுவும் வேண்டாம் என்றேன்.

“தம்பி, இது கண்டென்சர் மைக். 48 வோல்ட் பவர் கார்டுக்குள்ளேயே இருக்கு. சென்னை ஸ்டூடியோவில பாவிக்கிறதும் இதுதான்” என்றார் கடைக்காரர். கண்டென்சர் மைக் வேலை செய்ய வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும்; ஸ்டூடியோ மைக்குகளுக்கு அது 48 வோல்ட்.

போட்டுக் காட்டச் சொன்னேன். கார்டைக் கடையின் பெரிய ஸ்பீக்கரில் மாட்டி, எக்கோவைக் கூட்டி, வேலைக்கு நின்ற பையனை இரண்டு வரி பாட வைத்தார். வெளியே பஸ் ஹோர்ன், உள்ளே மின்விசிறி. அந்த இரைச்சலுக்குள் எந்த மைக்கும் நன்றாகத்தான் இருக்கும். எக்கோ இல்லாமல், ஹெட்போனில் கேட்க வேண்டும் என்றேன். ஹெட்போன் ஸ்டொக் முடிந்துவிட்டதாம். “பிழைச்சா ஒரு கிழமைக்குள்ள கொண்டு வாங்க, மாத்தித் தாறன்” என்று சொன்னார். அந்த வாக்கில்தான் காசு கொடுத்தேன்.

வீட்டில் மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, சுவரோரம் மெத்தையை நிமிர்த்தி வைத்து மாமாவை உட்கார வைத்தோம். அவர் வாய் திறக்கும் முன்பே பதிவில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல். கார்டில் எக்கோ குமிழைக் கடைசிவரை திருகி மூடினாலும் குரலுக்குப் பின்னால் மெல்லிய எதிரொலி நிற்கிறது. மத்தளத்தில் முதல் அடி விழுந்ததும் அலைவடிவத்தின் தலை தட்டையாக வெட்டுப்பட்டது. கெயினை, அதாவது கார்ட் ஒலியைப் பெருக்கும் அளவை, குறைத்தோம், ஒலிதான் தாழ்ந்தது, உடைசல் அப்படியே. அப்படியென்றால் கெயின் குமிழுக்கு வருமுன்பே, மைக்குக்குள்ளேயோ கார்டின் நுழைவிலேயோ ஒலி உடைகிறது. மாமா ஹெட்செட்டை மாட்டிக் கேட்டுவிட்டு, “மருமகன், மழைக்குள்ள நின்டு பாடின மாதிரி இருக்கு” என்றார். ஒரு தருவைத் திரும்பத் திரும்பப் பாட வைத்து அவரைக் களைக்கப் பண்ணியதுதான் எனக்கு 27,500 ரூபாயை விடப் பெரிய கோபம்.

மச்சான் வயரிங் வேலை செய்பவர். மல்ரிமீற்றரோடு வந்தார். இந்த செட்டில் வரும் வயரின் ஒரு முனை மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர், மறுமுனை போனில் குத்தும் 3.5 மில்லிமீற்றர் ஜாக். கார்டில் ஜாக்கைச் செருகிவிட்டு எக்ஸ்எல்ஆர் முனையை அளந்தார். 1ஆம் பின்னுக்கும் 2ஆம் பின்னுக்கும் இடையில் 3 வோல்ட் கூட முழுதாக இல்லை. 1க்கும் 3க்கும் இடையில் ஒன்றுமே இல்லை. உண்மையான பாந்தம் பவர் (மைக் வயர் வழியாகவே போகும் அந்த 48 வோல்ட்) என்றால் 2, 3 இரண்டு பின்களிலும், 1ஆம் பின்னோடு ஒப்பிட, ஒரே மாதிரி 48 வோல்ட் காட்ட வேண்டும். நியமப்படி நாலு வோல்ட் கூடலாம், குறையலாம். 3.5 ஜாக் வழியாக அது வரவே வராது. கணினி மைக்குக்குக் கொடுக்கும் சின்ன மின்சாரம்தான் அதில் வரும். மைக்கின் அடி வளையத்தைத் திருகித் திறந்தும் பார்த்தோம். பெரிய வலைத் தலைக்குள் ஒலியைப் பிடிக்கும் உறுப்பாக விரல் நகமளவு ஒரு எலெக்ட்ரெட் கப்சூல், அதைச் சுற்றிப் பிளாஸ்டிக். பெட்டியில் ‘லார்ஜ் டயஃப்ராம்’ (பெரிய அதிர்வுத் தகடு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். போனில் கரோக்கே பாடி லைவ் போடுகிறவர்களுக்கு இந்த வி8 கார்ட் உதவும்; அதற்காகச் செய்ததுதான். ஸ்டூடியோ என்று விற்பதுதான் களவு.

அடுத்த நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் என் லெப்டொப் பிழை என்றார். கடையிலிருந்த கணினியில் போட்டுக் காட்டினேன், அதே இரைச்சல். அப்புறம் வயர் பிழையாம், 2,500 ரூபாய்க்கு நல்ல வயர் இருக்கிறதாம். மாற்றித் தருவதாகச் சொன்னீர்களே என்றதும், “தம்பி, பெட்டி உடைச்சாச்சே, இனி யாருக்கு விக்கிறது?” பில்லைக் காட்டினேன். அப்போதுதான் அந்தப் பில்லின் சூழ்ச்சி வெளியே வந்தது. “மைக் செட் 1” என்று மட்டும் எழுதியிருக்கிறது. மாடல் இல்லை, சீரியல் இல்லை, 48 வோல்ட் பற்றி ஒரு சொல் இல்லை. பெட்டியில் இருப்பதற்கும் தான் சொன்னதற்கும் சம்பந்தமில்லை என்று கையை விரித்துவிட்டார்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கிய மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும், அதனால் கடைக்காரர் ‘நாளைக்கு வாங்க’ என்று இழுத்தடிக்க விடாதீர்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. அதில் மாடல் பெயரையும், வாயால் சொன்ன உத்தரவாதத்தையும் உங்கள் முன்னாலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

சரி, அப்போ எதை வாங்குவது? நம்முடைய வீடுகளில் தரை சீமெந்து அல்லது டைல்ஸ், சுவர் வெறும் சுவர், வெளியே காகம், ஆட்டோ, கோயில் ஒலிபெருக்கி. நல்ல கண்டென்சர் இதையெல்லாம் சேர்த்தே எடுக்கும். இந்த அறைக்கு, மேடையில் கையில் பிடித்துப் பாடும் வகையான டைனமிக் மைக்தான் தோது. அதற்கு 48 வோல்ட் தேவையே இல்லை, மத்தளத்தையும் தாங்கும். ஷூர் எஸ்எம்58 மாதிரிப் பெயர்போன மைக்குகளுக்குப் போலிகள் நிறைய உண்டு. அசலின் நிறை கிட்டத்தட்ட 300 கிராம், ஒரு தராசைக் கேட்டு வாங்கி வைத்துப் பாருங்கள். கூடவே எக்ஸ்எல்ஆர் துளை உள்ள ஒரு யூஎஸ்பி இண்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி. பெரிங்கர் யூஎம்2 போல 16 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் தரத்தில் பதிவதே குரலுக்குத் தாராளம். மென்பொருளுக்குக் காசு வேண்டாம், ஒடாசிட்டி இலவசம்.

அதுவரைக்கும் மாமாவை என் போனிலேயே பதிகிறோம். போனைப் பாய்க்கு மேல், அவர் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, மத்தளக்காரரை எதிர்ச் சுவர்ப் பக்கம் உட்கார வைத்து. அந்த செட்டை விட எவ்வளவோ மேல்.

கடையின் பெயரை விசாரணை முடியும்வரை பொதுவில் போடப் போவதில்லை. இதே பெட்டியை இதே கதை சொல்லி வாங்கியவர்கள் பில்லைப் படமெடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம்.