எச்சரிக்கை: பீட்டா தேர்வுக்குத் தள்ளுபடிக் குறியீடு என்று சொல்லி 14,500 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்

14,500 ரூபாய் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இப்போதே உட்கார்ந்திருக்கிறேன். ஆறிய பிறகு எழுதினால் "ஒரு கசப்பான அனுபவம்" என்று பூசி மெழுகி முடித்துவிடுவேன்.

பெயர் சொல்லப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரும்வரை வாயைக் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். வகையை மட்டும் சொல்கிறேன். சைபர் பாதுகாப்புச் சான்றிதழ் தேர்வுகளுக்கு வவுச்சர் (கட்டணத்துக்குப் பதிலாகவோ தள்ளுபடிக்கோ போடும் குறியீடு) விற்கிற, கூடவே வார இறுதிப் பயிற்சியும் நடத்துகிற இணையக் கடை. இந்த வகைக் கடைகளில் ஒழுங்காக நடப்பவையும் உண்டு. இது அந்தக் கணக்கில் வராது.

பீட்டா தேர்வு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: புதிய சான்றிதழ் ஒன்றை வெளியிடும் முன், அதன் கேள்விகளைச் சோதிப்பதற்காகவே முதலில் ஒரு கூட்டத்தைத் தேர்வு எழுதவைப்பார்கள். எந்தக் கேள்வி குழப்புகிறது, எதை விவரம் தெரிந்தவர்களே தவறாக எழுதுகிறார்கள் என்று பார்த்து, மோசமானவற்றைக் களைந்த பிறகுதான் மதிப்பெண். ஆகவே எழுதி முடித்ததும் திரையில் முடிவு வராது. மைக்ரோசாஃப்ட் தேர்வாக இருந்தால், அது முறைப்படி வெளியாகும் நாளில்தான் மதிப்பீடே தொடங்கும். அதற்குப் பிறகு ஏறக்குறைய 10 நாளில் முடிவு வரும். இந்தக் காத்திருப்புக்கு ஈடாகக் கட்டணத்தில் தள்ளுபடி தருவார்கள். மைக்ரோசாஃப்ட் மட்டுமல்ல, சைபர் பாதுகாப்புச் சான்றிதழ்கள் தருகிற ஐஎஸ்சி2 அமைப்பும் தன் தொடக்கநிலைச் சான்றிதழுக்கு 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இப்படி ஒரு முன்னோட்டத் தேர்வை நடத்தியிருக்கிறது. அதாவது பீட்டா தேர்வு என்பது மோசடி அல்ல, முறையான ஏற்பாடு. இந்தக் கும்பலுக்கு வசதியாகப் போனதும் அதுதான்.

நான் சென்னையில் ஒரு சைபர் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் இரவுப் பணி பார்க்கிறேன். இந்த வேலைக்கான மைக்ரோசாஃப்டின் எஸ்சி-200 சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதே எஸ்சி வரிசையில் புதிதாக ஒரு தேர்வு பீட்டாவில் வருகிறது என்று கேள்விப்பட்டு, அதைப் பற்றி இணையத்தில் தேடினேன். மறுநாளே இந்தக் கடையின் விளம்பரம் என் செல்பேசியில் வந்து நின்றது. எண்ணைக் கொடுத்தேன், பத்து நிமிடத்தில் அழைப்பு வந்துவிட்டது.

பேசியவர் அவசரப்படுத்தவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன். மோசடிக்காரன் என்றால் படபடவென்று பேசுவான், மிரட்டுவான், ஓடிபி கேட்பான் என்றுதானே எல்லா விழிப்புணர்வுப் படங்களிலும் காட்டுகிறார்கள்? இவர் என்னிடம் முதலில் கேட்டது, "அண்ணா, உங்களுக்குச் சான்றிதழ் உடனே வேண்டுமா?" என்பதுதான். ஏன் என்றேன். "பதவி உயர்வுக்கோ வேலை மாற்றத்துக்கோ இந்த மாதமே காட்ட வேண்டுமென்றால் பீட்டா எழுதாதீர்கள். முடிவு வரத் தாமதமாகும். பயிற்சிப் புத்தகம், மாதிரித் தேர்வு எதுவும் இன்னும் வந்திருக்காது. நாங்களே உங்களை வேண்டாமென்றுதான் சொல்லுவோம்" என்றார்.

விற்க வந்தவனே சரக்கின் குறையைச் சொன்னால் என்ன தோன்றும்? நேர்மையான ஆள் என்றுதான் தோன்றும். அந்த இடத்தில்தான் நான் அவரை நம்பினேன். அதற்குப் பிறகு அவர் சொன்னவற்றைச் சரிபார்க்கவும் செய்தேன். 80 சதவீதத் தள்ளுபடி என்றார். மைக்ரோசாஃப்ட் பீட்டா தேர்வுகளுக்கு அப்படித் தருவது உண்மை. முதல் 300 பேருக்கு மட்டும் என்றார்; அதுவும் உண்மை. தேறுவதற்கு 1000க்கு 700 வேண்டும் என்றார், சரியாகத்தான் சொன்னார். மூன்று தகவலைத் தேடிப் பார்த்து மூன்றும் சரியென்று தெரிந்தபின் நான்காவதை யார் தேடுவார்கள்? மோசடி மின்னஞ்சல்களைப் பிரித்தெடுப்பதே என் தொழில் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எழுத்துப்பிழையும் போலி இணைப்புமாக வந்தால்தான் எங்கள் கருவிகள் பிடிக்கும். உண்மையையே வரிசையாகச் சொல்லி ஒரே ஒரு வரியை மட்டும் விழுங்குகிறவனைப் பிடிக்க இதுவரை மென்பொருள் வரவில்லை.

தொகுப்பாகத்தான் விற்றார்கள். பீட்டா வவுச்சர், இரண்டு வார இறுதி நேரடி வகுப்பு, தோற்றால் "உடனே இன்னொரு முறை இலவசமாக" எழுதும் உரிமை. எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். "வவுச்சரைப் போட்டால் கட்டணம் பூஜ்யம் என்று காட்டும் அண்ணா, மீதி 20 சதவீதத்தை நாங்களே கட்டிவிட்டோம்" என்றார். பணத்தை யுபிஐ வழியாக அனுப்பச் சொன்னார்கள். நிறுவனத்தின் பெயர் வராமல் ஒரு தனிநபரின் பெயர் வந்தது. கேட்டதற்கு, "கணக்குப் பிரிவு மேலாளர், அண்ணா" என்று பதில். ஜிஎஸ்டி ரசீது கேட்டேன், மாலைக்குள் வரும் என்றார்கள். எத்தனையோ மாலை வந்துபோய்விட்டது, ரசீதைத்தான் காணோம். அதற்குப் பதில் "நன்றி" என்று பூப்போட்ட ஒரு படம் வந்தது, ஜிஎஸ்டி எண்ணே இல்லாமல்.

குறியீடு மட்டும் வந்தது. தேர்வை முன்பதிவு செய்யப் போனால், இந்தியாவைத் தேர்ந்தெடுத்தவுடன் அந்தத் தேர்வுக்கு இடமே காட்டவில்லை. பணம் கட்டும் பக்கம்வரை போனால்தானே குறியீட்டைப் போட முடியும்?

இங்கிருந்து ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் உலாவியின் தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அழித்தேன். வேறு கணினியில் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன். அவர்களுடைய சர்வரில் நெரிசல் என்றார்கள். யாருடைய சர்வரில் என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை. "எங்கள் பக்கம் சரியாக வேலை செய்கிறது சார்" என்று ஒருவர். "48 மணிநேரத்துக்குள் தீர்த்துவிடுவோம்" என்று இன்னொருவர். வார இறுதி வகுப்பும் நடக்கவில்லை, பயிற்றுநருக்குக் காய்ச்சலாம். பணம் போகும்வரை நான் அண்ணா. போன பிறகு சார். குரலை உயர்த்திய பிறகு எனக்கு ஒரு டிக்கெட் எண் (புகார் எண்) கொடுத்து, அந்த எண்ணால் மட்டுமே அழைத்தார்கள்.

அதன் பிறகு வந்ததுதான் உச்சம். "உங்கள் கணக்கில் நாட்டை அமீரகம் என்று மாற்றி, எங்கள் துபாய் முகவரியைப் போட்டுக்கொள்ளுங்கள், இடம் காட்டும்" என்றார் ஒருவர், மிகச் சாதாரணமாக. வீட்டிலிருந்து எழுதும் தேர்வென்றால் தொடங்கும் முன் அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்ப வேண்டும்; கண்காணிப்பவர் சரிபார்ப்பார். பொய்த் தகவல் கொடுத்துப் பிடிபட்டால் தேர்வு எழுதவே தடை வரலாம், ஏற்கெனவே வாங்கிய சான்றிதழும் பறிபோகலாம். மோசடி செய்தது அவர்கள், சிக்கிக்கொள்ளப் போவது நான். பாதுகாப்புத் துறைச் சான்றிதழுக்கு இப்படி ஒரு யோசனை!

அப்போதுதான் தேர்வை நடத்துகிறவர்களின் உதவி மையத்தையே நேரடியாகக் கேட்டேன். அவர்கள் பொறுமையாக, அந்த பீட்டா தேர்வு இந்தியாவுக்கு இல்லை என்று ஒரே வரியில் சொல்லி, மைக்ரோசாஃப்டின் அறிவிப்பைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். வயிறு எரிந்தது. எனக்கு 14,500 ரூபாய்க்கு விற்ற அதே குறியீடு, எழுத்துக்கு எழுத்து அப்படியே, அந்த அறிவிப்புப் பக்கத்தில் ஊரறிய அச்சாகியிருக்கிறது. முதலில் வருகிற 300 பேர் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், காசு கேட்காமல் கொடுப்பது. கோயிலில் சும்மா கொடுக்கிற சுண்டலைப் பொட்டலம் கட்டி விற்றிருக்கிறார்கள். அதற்குக் கீழேயே இன்னொரு வரி: இந்த பீட்டா தேர்வு துருக்கி, பாகிஸ்தான், இந்தியா, சீனா ஆகிய நாடுகளில் கிடைக்காது. மைக்ரோசாஃப்டின் பீட்டா அறிவிப்புகளில் வழக்கமாக இடம்பெற்று வந்திருக்கும் வரிதான் இது. 80 சதவீதமும் 300 பேரும் அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துச் சொன்னவருக்கு, அடுத்த வரி மட்டும் கண்ணில் படவில்லையாம்.

"தோற்றால் உடனே இன்னொரு முறை" என்றதும் பொய்தான். பீட்டாவை ஒரு முறைதான் எழுத முடியும். தோற்றால் தேர்வு முறைப்படி வெளியாகும்வரை காத்திருக்க வேண்டும். விற்ற மூன்றில் ஒன்று இலவசம், ஒன்று நடக்கவில்லை, ஒன்று நடக்கவே நடக்காது. விலை 14,500 ரூபாய்.

அறிவிப்பின் படத்தை அனுப்பிக் கேட்டேன். நீண்ட மௌனத்துக்குப் பிறகு ஒரு பெண்மணி அழைத்தார். குரலில் அத்தனை கனிவு. "உங்கள் மனவருத்தம் புரிகிறது சார். இழப்பீடாக, இதே தேர்வின் உண்மையான கேள்விகள் கொண்ட பிடிஎஃப் ஒன்றை இலவசமாகத் தருகிறோம்" என்றார். இன்னும் முறைப்படி வெளியாகாத தேர்வுக்கு உண்மையான கேள்விகளாம்! ஒன்று, அது பொய். இல்லையென்றால் தேர்வு எழுதியவர் யாரோ ரகசிய ஒப்பந்தத்தை மீறித் திருடிக் கொடுத்தது, அதைப் படித்து எழுதினால் என் சான்றிதழுக்கே ஆபத்து. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "டிஜிட்டல் பொருள்களுக்குப் பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லை சார், நிபந்தனைகளில் இருக்கிறது" என்று அதே கனிவோடு சொல்லிவிட்டு டிக்கெட்டை முடித்துவிட்டார். "பிரச்சினை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?" என்று குறுஞ்செய்தி வந்தது. 14,500 ரூபாய்க்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணையத்தில் விற்கிறவர் தன் சட்டபூர்வப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் எல்லாவற்றையும் தளத்தில் போட வேண்டும். புகாரை 48 மணிநேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவர்கள் தளத்தில் குறைதீர் அலுவலர் என்ற சொல்லே இல்லை. 48 மணிநேரம் என்ற எண்ணை மட்டும் எங்கிருந்தோ பிடித்து வைத்திருக்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். இரவுப் பணிக்குக் கிளம்ப வேண்டும், கையும் நடுங்குகிறது. அவசரத்துக்கு இவ்வளவுதான்: பீட்டா தேர்வுக் குறியீட்டை யாரிடமும் காசு கொடுத்து வாங்காதீர்கள், சான்றிதழ் தருகிற நிறுவனத்தின் அறிவிப்புப் பக்கத்தைக் கடைசி வரி வரை படியுங்கள், எந்தெந்த நாட்டுக்கு இல்லை என்பது அங்கேதான் இருக்கும். தனிநபர் பெயருக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். நாட்டை மாற்றிப் பதிவு செய்யச் சொன்னால் செய்யவே செய்யாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிவிடும், முடக்க முடியாது. நுகர்வோர் உதவிக்கு 1915. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். நான் செய்யப்போகிறேன்.

இந்த வகைக் கடையில் பீட்டா என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தால், பணம் போன தேதியையும் பெறுநர் பெயரையும் பத்திரப்படுத்திவிட்டு நீங்களும் புகார் கொடுங்கள். வகுப்புக்கு என்னோடு சேர்த்து உருவாக்கிய வாட்ஸ்அப் குழுவில் வேறு பலரும் இருந்தார்கள். இன்று காலை அந்தக் குழுவை அழித்துவிட்டார்கள். அதில் இருந்தவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து உங்கள் ரசீதுப் படங்களை அழித்துவிடாதீர்கள்.