இடித்த வீடுகள் வந்து சேரும் கிடங்கு: செவ்வாய்பேட்டையின் ஒரு பழைய மரக்கடை

சேலம் செவ்வாய்பேட்டையில், கடைத்தெருவிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், பெயர்ப் பலகை எதுவும் இல்லாமல், பாதி தகரக் கொட்டகையும் பாதி திறந்த வெளியுமாக ஒரு கிடங்கு இருக்கிறது. சேலத்திலும் ஏற்காட்டிலும் இடிக்கப்படும் பழைய வீடுகளின் நிலை, கதவு, தூண், உத்தரம், கைமரம், ஜன்னல், ஓடு என எல்லாம் இங்கே வந்து சேர்கின்றன. அழகாபுரத்தில் என் அக்கா கட்டிவரும் வீட்டுக்கு ஒரு தலைவாசல் கதவும் இரண்டு ஜன்னல்களும் வாங்குவதற்காகக் கடந்த நான்கு மாதங்களில் ஐந்து முறை அங்கே போய் வந்தேன். கதவு மனத்துக்கு நிறைவாக அமைந்தது. ஜன்னலில் ஏமாந்தேன். இரண்டையும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடைக்குப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே அறிந்திருந்தால்தான் கொடுத்த பணத்துக்குப் பொருள் கிடைக்கும்.

முதலில் கதவு. நடுவே திறந்த முற்றம் வைத்த சேலத்துத் தொட்டிக்கட்டு வீடுகளின் தலைவாசல் கதவுகளுக்குக் கீல் கிடையாது. கதவுப் பலகையின் ஒரு ஓரத்தில், மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமிகள் நிலையின் குழிகளில் அமர்ந்து சுழலும். கதவின் முழுப் பாரத்தையும் கீழ்க்குடுமியே தாங்கும். நான் நிலையின் மேற்கட்டையில் செதுக்கியிருந்த கஜலட்சுமியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கடையில் மரம் துடைத்துக்கொண்டிருந்த வயதான ஆசாரி, “சாமியப் பாக்காதீங்க தம்பி, குடுமியப் பாருங்க” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே இந்தக் கடையை நான் பாராட்டுவேன். நாள்தோறும் விடியலில் வாசல் தெளித்த தண்ணீர் பல பத்தாண்டுகளாக ஊறி, கீழ்க்குடுமியும் நிலையின் அடிக்கட்டையும்தான் முதலில் இற்றுப்போகும். மேலே எவ்வளவு அழகான வேலைப்பாடு இருந்தாலும், அடி போன கதவைப் புதிய வீட்டில் நிறுத்த வேண்டுமானால் மரம் ஒட்டிச் சேர்க்க வேண்டும், அதற்குக் கதவு விலையில் கால் பங்கு கூலியாகப் போய்விடும். அவர் காட்டிக்கொடுத்த மூன்றாவது கதவைத்தான் வாங்கினோம். நிலையோடு சேர்த்து 6 அடி உயரம், தேக்கு, வேலைப்பாடு அதிகம் இல்லாதது, 46,000 ரூபாய். உயரம் குறைவாக இருக்கிறதே என்று அக்காவின் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். குனிந்து நுழையும் வாசல்தான் அந்தக் கால வழக்கம் என்று மாமாவைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் ஆயிற்று.

கிடங்கின் வலப்புறம் உத்தரங்கள் அடுக்கப்பட்டிருக்கும் இடத்தில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன், அங்கே எதுவும் வாங்கவில்லை என்றாலும். அவற்றுள் சில உத்தரங்களின் அடிப்பக்கத்தில், ஒன்றரை அடி இடைவெளியில், கயிறு அறுத்த தடங்கள் பள்ளமாக விழுந்திருக்கின்றன. அவை சேலத்தின் குகை, அம்மாப்பேட்டை பகுதிகளில் இருந்த நெசவாளர் வீடுகளின் மரங்கள். குழித்தறியில் நெய்பவர் தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு மிதியை மிதிப்பார்; ஊடு நூலை அடித்து நெருக்கும் அச்சும், பாவு நூல்களைப் பிரித்துத் தூக்கும் விழுதும் மேலே உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும். அச்சுப் பலகையை முன்னும் பின்னும் இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கயிறு மரத்தை உரசும். தறி வீட்டுக்குள் வைக்கப்பட்ட ஒரு கருவி என்று நாம் நினைக்கிறோம். ஆனால் இந்த மரங்களைப் பார்த்தால், வீட்டின் கூரையே தறியின் மேற்பாதியாக இருந்தது என்பது விளங்கும். வீட்டின் மற்ற அமைப்பும் தொழிலுக்குக் கட்டுப்பட்டதே. ஆசாரம் எனப்படும் முன்கூடத்தில் பெரிய ஜன்னல்கள் இல்லாததும் மண்தரை விடப்பட்டதும் ஈரப்பதம் காப்பதற்காக, ஏனென்றால் காய்ந்த காற்றில் பருத்தி நூல் அடிக்கடி அறும். நீளமாகவும் நேராகவும் தெருக்கள் அமைந்திருப்பது தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை வெளியே நீட்டிக் கஞ்சி போடுவதற்காக. அம்மாப்பேட்டையின் சில தெருக்களில் இப்போதும் காலையில் நடந்தால் இது தெரியும். தடம் விழுந்த உத்தரங்களைக் கடைக்காரர் விலை குறைத்துத் தருகிறார், இழைப்புளி ஓட்டினால் ஒரு அங்குலம் வீணாகும் என்பதால். இழைக்காமல் அப்படியே வைக்கச் சொல்கிறவர் யாரும் இருந்தால், அவருக்கு இது நல்ல பேரம்.

அடுத்த அடுக்கில் இருப்பவை மெத்தை வீடுகளிலிருந்து, அதாவது மொட்டைமாடி வைத்த வீடுகளிலிருந்து, வந்த கட்டைகள். மெட்ராஸ் டெரஸ் என்று கட்டடக்காரர்கள் சொல்லும் முறையில், நெருக்கமாக வைத்த மரக்கட்டைகளின்மேல் சிறிய தட்டைச் செங்கற்களைச் சாய்வாக, விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்புக் காரையில் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரப்பலகைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கட்டையின் மேல்முகத்தில் சுண்ணாம்பு வெள்ளை ஊறியிருந்தால் அது இத்தகைய மாடியிலிருந்து வந்தது என்று கண்டுகொள்ளலாம். இங்கேயும் கவனிக்க வேண்டியவை இரு முனைகள்தான். சுவருக்குள் புதைந்திருந்த அந்த ஒரு சாண் நீளத்தில்தான் மாடியில் கசிந்த நீர் தங்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உளுத்த மரம் மொத்தென்று விழும். தட்டிப் பார்க்கக் கடைக்காரர் தடை சொல்வதில்லை, சுத்தியலையும் அவரே தருகிறார்.

ஜன்னல்களுக்கு வருகிறேன். இரண்டு வகை ஜன்னல்கள் இங்கே அருகருகே சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று ஊருக்குள் இருந்த வீடுகளுடையது: நெடுக்கான இரும்புக் கம்பிகள், கண்ணாடி இல்லை, மேலே இரண்டு கீழே இரண்டு எனச் சிறிய கதவுகள் நான்கு. கீழ்ப்பாதியைச் சாத்திவிட்டு மேல்பாதியைத் திறந்தால், தெருவில் போகிறவர் பார்வை உள்ளே விழாமல் காற்று மட்டும் வரும். மற்றொன்று ஏற்காட்டுத் தோட்ட பங்களாக்களிலிருந்து இறங்கியது: கம்பி இல்லை, மெல்லிய சட்டங்களில் சிறு சிறு கண்ணாடிகள், ஆள் உயரத்துக்கு அகலத் திறப்பு. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்த பிறகு, தோட்டக்காரர்கள் அங்கே கருங்கல் சுவரும் கணப்படுப்பும் வைத்துத் தங்கள் ஊர் வீடுகளைப் போலக் கட்டிக்கொண்டார்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். கீழே வெயிலை வெளியே நிறுத்த வேண்டும், மேலே குளிரை நிறுத்திவிட்டு வெயிலை உள்ளே அழைக்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குள் வீட்டின் இலக்கணம் இப்படித் தலைகீழாகிறது என்பதை இந்த இரண்டு ஜன்னல்களின் நடுவே நின்றால் ஒரே பார்வையில் காணலாம்.

அக்காவுக்குக் கண்ணாடி ஜன்னலின் மீதுதான் ஆசை. தேக்கு என்று சொல்லித் தேக்கு விலையே வாங்கினார்கள். பொருத்திய மறு வாரம் பெய்த மழையில் சட்டம் நனைந்து, புதிதாக வெள்ளையடித்த சுவரில் மஞ்சள் வழிந்தது. எங்கள் ஆசாரி ஒரு துணுக்கைச் சீவி நீரில் போட்டுப் பார்த்து, வேங்கை என்றார். வேங்கை மட்டமான மரம் அன்று. உரமானது, பழைய வீடுகளில் நிலைகளுக்கு விரும்பிப் பயன்படுத்தியதும்கூட. நனைந்தால் சாயம் விடும் என்பதை அறிந்து, எண்ணெய் பூசிப் பொருத்தியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. என் குறை, மரத்தின் பெயரை மாற்றிச் சொன்னதில்தான். கேட்டபோது கடைக்காரர் 3,000 ரூபாய் திருப்பித் தந்தார், ஆனால் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. மலையிலிருந்து வருவதெல்லாம் தேக்கு என்றே அவருக்கும் சொல்லப்பட்டதாம்.

ஓடுகளைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கையால் வளைத்த நாட்டு ஓடுகள் குவியலாகக் கிடக்கின்றன, வாங்க ஆள் இல்லை. மங்களூர் ஓடுகள் நல்ல நிலையில் உள்ளன. 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பின் முத்திரை சிலவற்றில் தெளிவாக இருக்கிறது. இரும்பு விட்டங்கள் இரண்டில் டார்மன் லாங் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் பெயரைப் படித்தேன். பக்கத்திலேயே இருக்கும் கஞ்சமலையின் இரும்புக் கல்லை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, கப்பலில் வந்த இரும்பை வாங்கி வீடு கட்டியிருக்கிறது இந்த ஊர்.

கடையின்மீது எனக்குள்ள பெரிய குறை ஜன்னல் அன்று. எந்தப் பொருள் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று இங்கே யாரும் குறித்து வைப்பதில்லை. கேட்டால், “அக்ரஹாரத்துப் பக்கம்” என்றோ, “கோட்டைப் பக்கம்” என்றோ கையை நீட்டுகிறார்கள். சேலம் 1866இல் நகராட்சியானது. வீட்டு வரிக்காக நிலைகளில் அடித்த பீங்கான் பூச்சு எண் தகடுகள் பல கதவுகளோடு கிடங்குவரை வந்துவிடுகின்றன. அந்தத் தகடு ஒன்று இருந்தாலே தெருவையும் வீட்டையும் தேடிப் பிடித்துவிடலாம். ஆனால் கதவு வண்டியிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாகத் தகட்டைப் பெயர்த்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுகிறார்கள். காபிக்கடைகளுக்கு அலங்காரம் செய்கிறவர்கள் தகடு ஒன்றுக்கு 200 ரூபாய் கொடுத்து வாங்கிப் போகிறார்களாம். நாங்கள் வாங்கிய நிலையில் நான்கு ஆணித் துளைகளும், காவி படாத ஒரு நீள்சதுரமும் மட்டும் இருக்கின்றன. டப்பா முழுவதையும் கொட்டி, துளைகளின் இடைவெளியை வைத்துப் பொருத்திப் பார்த்தேன். மூன்று தகடுகள் பொருந்தின, அதனால் எதுவும் தெளிவாகவில்லை.

மற்றபடி, பேசிய விலையை மாற்றுவதில்லை. டெம்போ வாடகை தனி. அளவு எடுக்கும்போது பின்னாலேயே நின்று அவசரப்படுத்துவதில்லை. சொந்த ஆசாரியை அழைத்துக்கொண்டு முற்பகலில் போவது நல்லது, பிற்பகலில் தகரத்தின் கீழே நிற்க முடியாது.

திண்ணைக்கு இரண்டு மரத்தூண்கள், அடியில் வைக்கும் கல்லோடு, வேண்டும் என்று கடைசி முறை சொல்லியிருந்தேன். ஆடி கழியட்டும், இரண்டாம் அக்ரஹாரத்தில் ஒரு வீடு பேசி முடித்திருக்கிறோம் என்றார் கடைக்காரர். இடிப்பதற்கு முன்பு அந்த வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். “நிக்கற வீட்டப் பாத்து என்னங்க பண்ணப் போறீங்க?” என்று சிரித்தவர், சாவி எதிர்வீட்டு அம்மாவிடம் இருப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். கதவு எண்ணை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.